மிட்டாய்க் கம்பெனிக்கு எதற்குக் குளுக்கோஸ்?

மிட்டாய்க் கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்குத் தெருவில் ஒரு தனி மரியாதை உண்டு. குழந்தைகள் வாசலில் காத்திருக்கும், பெரியவர்கள்கூட பாக்கெட்டை ஒரு தடவை நோட்டம் விடுவார்கள். ஆனால் அதே கம்பெனியில் நர்ஸாக இருந்தவளுக்கு அந்தப் பெருமையும் வாய்க்கவில்லை. "அங்க உனக்கு என்னம்மா வேலை? மிட்டாய்க்கு ஊசி போடுறியா?" என்று மாமியார் கேட்பாள். மாமியாரைச் சொல்லிக் குற்றமில்லை. பதினோரு வருஷமாகக் கம்பெனிக்குள்ளேயே எல்லாரும் அதைத்தான் வேறு வேறு வார்த்தைகளில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அங்கே அவளுக்கு வைத்த பெயர் பிளாஸ்திரி சிஸ்டர். வெட்டுக்காயத்துக்குப் பிளாஸ்திரி, சூடு பட்ட கொப்புளத்துக்கு மருந்து தடவி அதன்மேல் பிளாஸ்திரி, செருப்பு கடித்து வந்தாலும் பிளாஸ்திரி. தலைவலிக்கு ஒரு மாத்திரை. வேலையில் சலிப்புத் தட்டி, வயிற்று வலி என்று பொய் சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்குப் பத்து நிமிஷம் கட்டில். அவர்களைக் கண்டும் காணாதது போல் விட்டுவிடுவாள். மடிப்புப் பிரிவுக்கும் கழிவறைக்கும் நடுவில் இருந்த அந்தச் சின்ன அறையில் ஒரு கட்டில், ஒரு திரை, ஒரு கை கழுவும் தொட்டி, ஓர் இரும்பு அலமாரி, சத்தம் மட்டும் போடுகிற ஒரு மின்விசிறி. காற்றிலேயே சர்க்கரைத் தூள் பறக்கிற இடம் அது. கதவைத் திறந்தால் கைப்பிடி கையோடு வரும், நடந்தால் தரை செருப்பைப் பிடித்து இழுக்கும்.

இங்கே வருவதற்கு முன் எட்டு வருஷம் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அவசரப் பிரிவில் ஓடியாடி வேலை பார்த்தவள் அவள். "நரம்பு கிடைக்கலையா? அவளைக் கூப்பிடு" என்று டாக்டர்களே சொல்லும் அளவுக்குப் பெயர் எடுத்த கை. இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு இரவு டியூட்டி ஒத்துவரவில்லை. பகல் வேலை என்று இந்தக் கம்பெனிக்கு வந்தாள். வந்தவள் சும்மா இருந்தாளா என்றால் அதுதான் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய ஆஸ்பத்திரிக்குப் போய், பழைய தோழிகளிடம் கெஞ்சிக் கூத்தாடி நாலு பேருக்கு டிரிப் போட்டுவிட்டு வருவாள்.

"லீவு நாள்ல எல்லாரும் கடைக்குப் போவாங்க, சினிமாவுக்குப் போவாங்க. நீ ஊசி குத்தப் போறே" என்று கணவர் சிரிப்பார்.

"போகலேன்னா கை மறந்துடும்ங்க" என்பாள்.

வந்த முதல் வருஷமே மேனேஜரிடம் ஒரு பட்டியல் நீட்டினாள். சர்க்கரை அளவு பார்க்கிற மெஷின், அதற்கான பட்டைகள், டிரிப் ஊசிகள், அப்புறம் ஐம்பது சதவீதக் குளுக்கோஸ் பாட்டில் ஆறு. மேனேஜர் கடைசி வரியைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "சிஸ்டர், பின்னால கோடவுன்ல சர்க்கரை மூட்டை கூரையைத் தொடுது. முன்னால டிரம் டிரம்மா குளுக்கோஸ் பாகு நிக்குது. மிட்டாய்க் கம்பெனிக்கு எதுக்கு சிஸ்டர் தனியா குளுக்கோஸ்?"

"அந்த டிரம்மை ரத்தக்குழாய்ல ஏத்த முடியாது சார்."

"வாயில ஊத்துங்க!"

"மயங்கிக் கிடக்கிறவன் வாயில ஊத்துனா அது வயித்துக்குப் போகாது சார், நுரையீரலுக்குப் போகும். அப்புறம் நீங்களும் நானும் சேர்ந்து அவன் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கத்தான் போகணும்."

மேனேஜரின் சிரிப்பு நின்றது, ஆனால் கையெழுத்து விழவில்லை. அவள் விடுகிற ஆளா? இரண்டு வருஷம் ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் வியாழக்கிழமை தோறும் வந்துபோகும் கம்பெனி டாக்டரைப் பிடித்து எழுதி வாங்கி, ஆறு பாட்டிலையும் அலமாரியில் ஏற்றிவிட்டுத்தான் ஓய்ந்தாள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவற்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள், தேதியைப் படிப்பாள். பயன்படுத்தாமலே பல தடவை தேதி முடிந்துபோய்த் தூக்கி எறிந்தாள். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்டபோது கொள்முதல் பிரிவு மூக்கால் அழுதது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கம்பெனியின் ராஜா யார் என்று கேட்டால் எல்லாரும் பாகு மாஸ்டரைத்தான் காட்டுவார்கள். ஐம்பத்து நாலு வயது, தூண் மாதிரி ஆள். இடுப்புயரச் செம்புப் பாத்திரங்களில் கொதிக்கிற பாகுக்கு அவர்தான் பதம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பாத்திரத்திலும் வெப்பமானி தொங்கும். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். விரல்களைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கி, கொதிக்கிற பாகிலிருந்து ஒரு துளியைச் சட்டென்று கிள்ளி எடுத்து, இரண்டு விரல்களுக்கு நடுவில் உருட்டி, "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்பார். சரியாக இரண்டு நிமிஷம்தான் இருக்கும். அந்த வித்தைக்கு விலையாக இரண்டு முன்கைகளிலும் பழைய சூட்டுத் தழும்புகள் ஏராளம். சிஸ்டரின் பிளாஸ்திரியில் பாதி அவருடைய கைகளுக்குத்தான் போயிருக்கும். அவர் மனைவியும் அங்கேதான், மடிப்புப் பிரிவில் மிட்டாய்க்குத் தாள் சுற்றும் மெஷினில் வேலை பார்த்தாள்.

அன்று காலை பதினொன்றே கால். சிஸ்டர், மடிப்புப் பிரிவுக்காரி ஒருத்தியின் கட்டை விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். பாகு கிளறுகிற ஆள் மூச்சிரைக்க வந்து கதவில் மோதி நின்றான்.

"சிஸ்டர்! மாஸ்டர் விழுந்துட்டாரு!"

மெஷினும் ஒரு குளுக்கோஸ் பாட்டிலும் எப்போதும் தயாராக இருக்கும் சிவப்புப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பிளாஸ்திரி சிஸ்டர் ஓடி யாரும் பார்த்ததில்லை. பாகு ஒட்டிய தரை ஒரு செருப்பைப் பிடித்துக்கொண்டது. அதை அங்கேயே விட்டுவிட்டு ஒற்றைச் செருப்போடு ஓடினாள்.

"என்ன நடந்துச்சு? ஓடிக்கிட்டே சொல்லு!"

"அரை மணி நேரமா ஒரு மாதிரியா இருந்தாரு சிஸ்டர். காரணமே இல்லாம எல்லாரையும் திட்டுனாரு. நல்லா இருந்த பாகைக் கொண்டுபோய்க் கொட்டச் சொன்னாரு. சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சு போச்சு. வீட்டுல ஏதோ சண்டை, அந்தக் கோபம்னு நெனச்சோம்."

மூன்றாம் நம்பர் பாத்திரத்துக்கு அருகில் மாஸ்டர் மல்லாந்து கிடந்தார். சுற்றிலும் நாற்பது பேர். ஒருவர் ஈரத்துணியால் விசிற, இன்னொருவர் தம்ளர் நிறையத் தண்ணீரோடு அவர் வாயைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாயில எதையும் ஊத்தாதீங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் தம்ளர் தானாகக் கீழே விழுந்தது. மாஸ்டரை ஒருக்களித்துத் திருப்பினாள். மூச்சு குறட்டை போல வந்தது. நாடி தறிகெட்டு ஓடியது. உடம்பு சில்லென்று, வேர்வையில் குளித்துக் கிடந்தது. கிள்ளினால் முனகல், அவ்வளவுதான்.

மனைவி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவர் காலடியில் விழுந்தாள்.

"அக்கா, இங்க பாருங்க. மாஸ்டருக்கு சுகர் இருக்கா?"

மனைவி சிஸ்டரைப் பார்த்தாள். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தாள். கையில் போனோடு நின்ற சூப்பர்வைசரைப் பார்த்தாள். "இல்ல சிஸ்டர், அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றாள்.

சிஸ்டர் அவர் ஆள்காட்டி விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, குத்தி, ஒரு சொட்டு எடுத்து மெஷினுக்குக் காட்டினாள். முன்னூற்றுப் பன்னிரண்டு என்று வந்தது.

சூப்பர்வைசர் அதற்குள் கம்பெனி டாக்டரைப் போனில் பிடித்து, எல்லாரும் கேட்கிற மாதிரி வைத்திருந்தார். "முன்னூத்திப் பன்னெண்டா?" என்றது டாக்டரின் குரல். "அப்ப குளுக்கோஸ் பக்கமே போகாதீங்க. மூளையில ஏதாவது இருக்கலாம். ஆம்புலன்ஸ் வந்ததும் அனுப்பிடுங்க." ஆம்புலன்ஸோ, பாலத்தில் வேலை நடக்கிறது, சுற்றிக்கொண்டு வர நாற்பது நிமிஷம் ஆகும் என்று சொல்லியிருந்தது.

சிஸ்டர் மெஷினையும் மாஸ்டரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எண் ஒன்று சொல்கிறது, உடம்பு வேறொன்று சொல்கிறது. சர்க்கரை ஏறி ஒரு மனிதன் விழ வேண்டுமானால் நாள் கணக்கில் ஆகும். நாக்கு வறளும், தண்ணீர் தண்ணீர் என்று அலைவான். அரை மணி நேரத்தில் புத்தி தடுமாறி, வேர்வை ஆறாக ஓடி, பொத்தென்று விழுவது சர்க்கரை இறங்கியவன்தான். அவசரப் பிரிவில் இந்த முகத்தை அவள் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்! பிறகு இந்த முன்னூற்றுப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது?

குத்திய விரலை மறுபடி பிடித்துப் பார்த்தாள். அது பளபளவென்று மின்னியது. விட்டாள். விடும்போது அவள் விரலோடு ஒட்டிக்கொண்டு, மெல்லப் பிரிந்தது.

"அடிப் பாவி!" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். பதினோரு வருஷம் இந்தப் பிசுபிசுப்பில் குப்பை கொட்டியும் மறந்துபோனதே! காலையிலிருந்து பாகில் முக்கி முக்கி எடுத்த விரல் அது. ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடை துடைத்தால் அந்தச் சர்க்கரை போய்விடுமா? மெஷின் மூன்றாம் நம்பர் பாத்திரத்துப் பாகையும் சேர்த்து அளந்து சொல்லியிருக்கிறது!

"தண்ணி! சோப்பு! ஓடுங்க!"

நாலு பேர் நாலு பக்கம் ஓடினார்கள். மாஸ்டரின் இன்னொரு கையை எடுத்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, தண்ணீர் ஊற்றி, மறுபடி தேய்த்து, சுத்தமான துணியால் ஒற்றினாள். குத்தினாள். முதல் சொட்டைத் துடைத்து எறிந்துவிட்டு இரண்டாவது சொட்டைக் காட்டினாள். மெஷின் ஐந்து விநாடி எண்ணியது. அந்த ஐந்து விநாடியில் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

இருபத்தாறு.

"இருபத்தாறு!" என்று கத்தினாள். ஒரு மனிதன் செத்துக்கொண்டிருக்கிறான், தனக்கு இவ்வளவு சந்தோஷமா என்று அப்புறம் வெட்கப்பட்டாள். ஆனால் அந்த நொடியில் சந்தோஷம்தான். ஏனென்றால் இதற்கு மருந்து இருக்கிறது, அது அவள் பையில் இருக்கிறது, தேதி கூட முடியவில்லை!

அந்த எண்ணைக் கேட்டதும் மனைவி உடைந்துபோனாள். "இருக்கு சிஸ்டர்! ஏழு வருஷமா சுகர் இருக்கு! வெளிய சொன்னா என் பொணத்தைத்தான் பார்ப்பேன்னு சத்தியம் வாங்கிட்டாரு!" என்று கதறியபடி அவர் சட்டைப் பையைத் துழாவி ஒரு மிட்டாயை எடுத்தாள். தாளைப் பிரித்தாள். உள்ளே இருந்தது மாத்திரை.

யாருக்கும் தெரியக் கூடாது என்று, மாத்திரைகளை மிட்டாய்த் தாளில் சுற்றி அவரிடம் கொடுத்துவந்தவள் அவள்தான். காலை மாத்திரைக்குச் சிவப்புத் தாள், ராத்திரி மாத்திரைக்குப் பச்சைத் தாள். இந்த வாரம் மெஷினில் மஞ்சள் தாள் மட்டும்தான் ஓடியது. எல்லாவற்றையும் மஞ்சளிலேயே சுற்றிவிட்டாள். "காலைல எதை முழுங்கினோம், எதை முழுங்கலேன்னு தெரியாம ரெண்டையும் முழுங்கியிருக்காரு சிஸ்டர். இன்னிக்கு ரெண்டு, நாளைக் காலைக்கு ஒண்ணுன்னு மூணு சுத்திக் குடுத்தேன், பாக்கி இது ஒண்ணுதான் இருக்கு. என்கிட்ட சண்டை போட்டுட்டு டிபன் டப்பாவையும் எடுக்காம வந்துட்டாரு!"

போனில் டாக்டர் கத்தினார். "குளுக்கோஸ் குடுங்க சிஸ்டர்! உடனே! அம்பது மில்லி!"

சொல்லவா வேண்டும்? ரப்பர் பட்டையை ஏற்கெனவே கட்டியிருந்தாள். ஆனால் நரம்பு? முன்கை முழுக்கத் தழும்பு. தோல் தடித்துப்போய், கண்ணுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. வலது முழங்கை மடிப்பில் ஒன்று லேசாகத் தெரிந்தது. குத்தினாள். ஊசிக்குள் ரத்தம் எட்டிப் பார்த்தது; அடுத்த நொடி தோல் உப்பிக்கொண்டு வந்தது. குழாய் கிழிந்துவிட்டது. உருவி எடுத்துப் பஞ்சை அழுத்தினாள்.

"ஆம்புலன்ஸ் வரட்டுமே சிஸ்டர், அவங்க பார்த்துக்குவாங்க" என்றார் சூப்பர்வைசர்.

"அதுவரைக்கும் இவரோட மூளை பட்டினி தாங்காது சார்! தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க!"

சூப்பர்வைசரிடம் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அவர் மறுபேச்சில்லாமல் தள்ளி நின்றார். சிஸ்டர் இடது கைக்கு மாறினாள். கண்ணை மூடிக்கொண்டாள். விரல் நுனியால் முழங்கை மடிப்பைத் தடவினாள். தழும்பு, தழும்பு, தசைநார்... அதோ! ஆழத்தில், மெத்தென்று அமுங்கி எழுகிற ஒன்று. கண்ணைத் திறக்காமலே இடத்தைப் பிடித்துக்கொண்டு, திறந்து, குத்தினாள். ரத்தம் வந்தது. உப்புத் தண்ணீரைச் செலுத்திப் பார்த்தாள். வீக்கம் இல்லை, தடை இல்லை, வழுக்கிக்கொண்டு போயிற்று. அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் அந்த ஒரு குத்துக்குள் இருந்தன.

ஐம்பது சதவீதக் குளுக்கோஸ் தண்ணீர் மாதிரி ஓடாது; பாகு மாதிரி கெட்டி. பெரிய ஊசிக்குழலில் அதை உறிஞ்சி எடுக்கவே நேரம் பிடித்தது. அவசரப்பட்டு ஒரே அழுத்தாக அழுத்தவும் கூடாது. குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதையையே வேக வைத்துவிடும். ஆகவே கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்து, மறுபடி தள்ளினாள். "அஞ்சு... பத்து..." என்று வாய்விட்டு எண்ணினாள். கூட்டத்தில் யாரோ கூடச் சேர்ந்து எண்ண, இன்னொருவர் சேர, இருபதைத் தாண்டும்போது நாற்பது பேரும் எண்ணினார்கள். "இருபத்தஞ்சு! முப்பது!" கட்டை விரல் வலித்தது. "முப்பத்தஞ்சு! நாப்பது!" மாஸ்டரின் இமை துடித்தது. "நாப்பத்தஞ்சு! அம்பது!"

பாத்திரங்களின் அடுப்பை அணைத்துவிட்டதால் அந்த இடமே நிசப்தமாக இருந்தது. ஒரு நிமிஷம் போயிற்று. குறட்டை நின்றது. இரண்டாவது நிமிஷம் மாஸ்டர் கண்ணைத் திறந்தார். சிஸ்டரைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். தலையைத் திருப்பி மூன்றாம் நம்பர் பாத்திரத்தைப் பார்த்தார்.

"எவன்டா அடுப்பை அணைச்சது?"

கூரை இடிந்துவிடும் போல ஒரு கூச்சல்! விசிலடித்தார்கள், ஒருவர் தோளில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள். மனைவி சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியாது. சிஸ்டர் தரையிலேயே கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள். இந்தக் கூச்சலைக் கேட்க மாமியார் இல்லையே என்று இருந்தது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எல்லாருக்கும் நல்லது. ஆனால் எழுந்த மாஸ்டர் சும்மா இருக்கவில்லை. சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து அறைக் கட்டிலில் உட்கார வைத்ததும், "எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர். இந்த ஊசியைக் கழட்டுங்க, பாகு கெட்டுடும்" என்று கையை நீட்டினார். சோப்புப் போட்டுக் கழுவிப் பார்த்ததில் நூற்று எண்பத்து நாலு இருந்தது.

"அது இருக்கட்டும் மாஸ்டர். ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்."

"எதுக்கு? அதான் எழுந்து உட்கார்ந்துட்டேனே."

"நான் குடுத்தது ஒரு ஊசி. அது அரை மணி நேரத்துல தீர்ந்துடும். நீங்க முழுங்கினது ரெண்டு மாத்திரை. அது நாளைக்கு வரைக்கும் உள்ள உட்கார்ந்து சர்க்கரையை இறக்கிக்கிட்டே இருக்கும். வீட்டுக்குப் போய்த் தூங்குனீங்கன்னா எழுந்திரிக்கவே மாட்டீங்க."

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். தாளில் சுற்றிய ரகசியம் எல்லாம் வெளிவந்துவிட்டது என்று புரிந்துகொண்டார். குரல் இறங்கியது. "சிஸ்டர், நீங்க வர்றதுக்கு முன்னால இங்க ஒருத்தன் பாகு கிளறிக்கிட்டிருந்தான். எனக்கு சுகர்னு வாய் திறந்து சொன்னான். சுகர்காரனைக் கொதிக்கிற பாகுகிட்ட விடக் கூடாதுன்னு அவனைக் கேட்டுல ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வெச்சாங்க. லாரி நம்பர் எழுதுறதுதான் வேலை. ஒரே வருஷத்துல ஆளே பாதியாயிட்டான், அப்புறம் வேலையை விட்டே போயிட்டான். ஆம்புலன்ஸ்ல ஏறுனா நாளைக்கு நான்தான் அந்த ஸ்டூல்ல."

சிஸ்டருக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஒருவருக்கு நடந்ததை வைத்து எல்லாரும் பயந்து கிடக்கிறார்கள். வருஷா வருஷம் அவள் நீட்டிய மருத்துவப் படிவத்தில், சுகர் உண்டா என்ற இடத்தில், இருநூற்று அறுபது பேரும் 'இல்லை' என்று எழுதியதன் அர்த்தம் இப்போதுதான் புரிந்தது.

"ஸ்டூல்ல உட்கார்ந்தாலும் உயிரோட உட்காருவீங்க மாஸ்டர்" என்றாள். "பாகு பதம் வந்துடுச்சுன்னு நான் சொன்னா நம்புவீங்களா?"

"மாட்டேன். தொட்டுப் பார்ப்பேன்."

"அப்ப இதையும் பார்த்துட்டுப் போங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை குத்துறேன். எண் ஏறுனாலோ அங்கேயே நின்னாலோ, நானே உங்க கையில கரண்டியைக் குடுக்கிறேன். இறங்குனா, வாயை மூடிக்கிட்டு ஏறணும்."

"சரி" என்றார் மாஸ்டர். பரீட்சைக்கு அஞ்சாத ஆள்.

சர்க்கரை போட்ட டீயும் ரொட்டியும் கொடுத்தாள். அவர் சாப்பிட்டார். பத்து நிமிஷத்தில் நூற்று ஐம்பத்தொன்று. "அது சும்மா கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்" என்றார். அடுத்த பத்து நிமிஷத்தில் நூற்று மூன்று. சிஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஆம்புலன்ஸ் இந்நேரம் வந்திருக்கணுமே?" என்று வாசலில் நின்ற சூப்பர்வைசரிடம் கேட்டாள்.

"அதை அப்பவே வேண்டாம்னு சொல்லிட்டேனே. மாஸ்டர்தான் எழுந்துட்டாரே!" என்றார் அவர், ஏதோ நல்ல காரியம் செய்த முகத்தோடு.

சிஸ்டர் அப்போது சொன்ன வார்த்தைகளை எழுத முடியாது. போனை அவர் கையிலிருந்தே பிடுங்கி அவளே பேசினாள். நல்ல காலம், வண்டி பாலத்தைச் சுற்றி வந்த பிறகுதான் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். பதினைந்து நிமிஷத்தில் திரும்பி வருகிறேன் என்றது. அடுத்த பாட்டிலை எடுத்து ஊசிக்குழலில் ஏற்றித் தயாராக வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது தடவை குத்தும்போது மாஸ்டரின் நெற்றியில் வேர்வை துளிர்த்திருந்தது. டீ உள்ளே, ரொட்டி உள்ளே, ஊசி உள்ளே, மெஷினில் எழுபத்தொன்று. மாஸ்டரே மெஷினை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பாகைக் கிள்ளிப் பார்க்கும்போது வருகிற அதே முகம். பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, "இது நெஜமாவே இறங்குது" என்றார். அவர் குரலில் முதல் தடவையாகப் பயம் இருந்தது.

"ஏறுறீங்களா மாஸ்டர்?"

"ஏறுறேன்."

ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு வந்து நின்றது. உடன் வந்தவர்கள் பத்து சதவீதக் குளுக்கோஸ் பாட்டிலை மாட்டி, சிஸ்டர் போட்ட அதே ஊசியில் இணைத்தார்கள். சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கியது. தள்ளுபடுக்கையைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தால், மொத்தக் கம்பெனியும் அங்கே நிற்கிறது. எல்லாரும் கை தட்டத் தயாராக இருந்தார்கள்.

"நிறுத்துங்க" என்றார் மாஸ்டர். ஒரு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். "எல்லாரும் கேட்டுக்கங்க. எனக்கு வந்தது சும்மா மயக்கம் இல்ல. எனக்கு சுகர் இருக்கு. ஏழு வருஷமா இருக்கு. மாத்திரையை மிட்டாய் மாதிரி சுத்தி வெச்சு முழுங்கினேன். இன்னிக்கு அதுவே என்னைக் கொன்னிருக்கும்." கையைத் தூக்கினார், வகுப்பில் பிள்ளைகள் தூக்குவார்களே, அது மாதிரி. "அவ்வளவுதான். எனக்கு இருக்கு."

யாரும் தட்டவில்லை, யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்தின் நடுவிலிருந்து, காலையில் கட்டை விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொள்ள வந்திருந்த மடிப்புப் பிரிவுக்காரி, கட்டுப் போட்ட அதே கையை மெதுவாகத் தூக்கினாள். "எனக்கும் இருக்கு மாஸ்டர்" என்றாள். பாகை ஆற வைக்கிற மேஜைக்காரர்கள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சேர்ந்து தூக்கினார்கள். கோடவுன்காரர் தூக்கினார். லாரி ஏற்றுகிறவர், கணக்கெழுதுகிறவள், இன்னும் இரண்டு பேர். சிஸ்டர் ஒவ்வொன்றாக எண்ணினாள். கடைசியில், எல்லாருக்கும் பின்னால், போன் பிடித்த கையைத் தோள் மட்டத்துக்கு மட்டும் தூக்கிக்கொண்டு நின்றார் சூப்பர்வைசர்.

"அடப் பாவிகளா!" என்று சிஸ்டர் கத்தினாள். கோபத்தில் கத்தினாளா, கொண்டாட்டத்தில் கத்தினாளா? இரண்டும்தான். "பதினோரு வருஷமா நான் அந்த ரூம்ல எதுக்கு உட்கார்ந்திருக்கேன்? இருங்க, வந்து வெச்சுக்கிறேன் உங்களை! ஒருத்தரும் மத்தியானம் சாப்பிடாம இருக்கக் கூடாது!"

கதவைச் சாத்தினார்கள், வண்டி கிளம்பியது. ஒரு பக்கம் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மறுபக்கம் சிஸ்டர் ஒற்றைச் செருப்போடு. மாஸ்டர் பாட்டிலிலிருந்து விழுகிற சொட்டுகளையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். வண்டி பாலத்தைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

"சிஸ்டர்."

"சொல்லுங்க மாஸ்டர்."

"எத்தனை பேர் கை தூக்குனாங்க?"

"ஒம்பது பேர்."

மாஸ்டரின் உதடு கோணியது. அந்தத் தூண் மாதிரி ஆள் முகத்தை மனைவியின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் ஒருத்தன்தான்னு நெனச்சிட்டிருந்தேன் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார்.